வெருலத்துப் பூமாவை வீட்டு யார்டிலேயே தூக்கி என்ஜினை இறக்குவது எப்படி

ஃபோக்ஸ்வேகன் என்ஜினைக் கியர்பாக்ஸிலிருந்து பிரிக்க நாலே நாலு நட்டுதான் கழற்ற வேண்டும். இதை யாராவது உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த நாலு நட்டையும் எட்ட வேண்டுமானால் காரின் பின்பக்கத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, உயர்த்திய இடத்தில் அது இம்மிகூட நகராமல் நிறுத்தி, அதன் அடியில் நீங்கள் மல்லாந்து படுக்க வேண்டும். வேலையே அங்கேதான் இருக்கிறது. அதனால் கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி தூக்குவதைப் பற்றியதுதான், ஸ்பேனர் பிடிக்கும் பகுதி சின்னதாகத்தான் வரும்.

நான் வைத்திருப்பது பூமா ஜிடிஇ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பிரேசில்காரர்கள் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார் இது, இரண்டு கதவு, ஃபைபர்கிளாஸ் உடல், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் 1600 சிசி என்ஜின் பின்னால். 1973, 1974-ல் இந்தக் காரை இங்கே வெருலத்திலேயே கட்டினார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே கரும்புக்காட்டுக்கு நடுவில் இருக்கும் நம்ம ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதே இல்லை, அதற்காகவே இதை ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

உங்களிடம் இருப்பது பீட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை. யூட்டன்ஹேக்கில் (இப்போது அந்த ஊருக்குக் காரியேகா என்று பெயர்) 1951 முதல் 1979 வரை பீட்டில் கட்டினார்கள், நாட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அதன் பாகம் கிடைக்கும். பூமாவின் அடிச்சட்டமும் என்ஜினும் அதே குடும்பம் என்பதால் இங்கே சொல்வதில் முக்கால்வாசி இரண்டுக்கும் பொருந்தும். போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் மட்டும் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் வழக்கமாக என்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கும், எடையும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் வரும், ஜாக் வைக்கும் இடமும் வேறு.

இடம் பார்ப்பது

வெருலம், பீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் எங்கே பார்த்தாலும் நம் வீடுகள் சரிவில்தான் இருக்கின்றன. டிரைவ்வே கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் ஒரு கோலியை உருட்டிப் பாருங்கள், அது ரோட்டை நோக்கிப் போகும். அப்படிப் போனால் அந்த இடம் வேண்டாம். சிமெண்ட் தரை போட்ட கேரேஜ் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. அது இல்லாவிட்டால் பின் யார்டில் சிமெண்ட் போட்ட மூலை, அதுவும் இல்லாவிட்டால் சமமான கேரேஜ் வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் ஒரு வாரம் இடம் கேளுங்கள். புல்தரையில் செய்யவே கூடாது. தார் போட்ட இடமும் எனக்குப் பிடிக்காது, ஜனவரி வெயிலில் தார் இளகும்போது, தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வேறு வழியே இல்லை என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் குறைந்தது 2 செ.மீ. தடிமனுள்ள பிளைவுட் பலகை வையுங்கள்.

நான் இந்த வேலையை எப்போதும் ஜூன், ஜூலையில்தான் வைத்துக்கொள்கிறேன். நம் பக்கம் அப்போது மழை குறைவு, வெளியில் வேலை செய்தாலும் கார் நனைவது அபூர்வம்.

ஹேண்ட்பிரேக்கை நம்பாதீர்கள்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இந்தக் காரில் ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. கியரில் போட்டு நிறுத்தினாலும் பூட்டப்படுவது அதே பின்சக்கரங்கள்தான், ஏனென்றால் என்ஜின் ஓட்டுவது அவற்றைத்தான். இப்போது நீங்கள் தூக்கப் போவது எந்தப் பக்கம்? பின்பக்கம். சக்கரம் தரையை விட்ட அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கும் போயிற்று, கியரும் போயிற்று, கார் முழுவதும் இரண்டு முன்சக்கரங்களின் மேல் சுதந்திரமாக நிற்கிறது. முன்னால் என்ஜின் இருக்கும் காரில் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தைத்தான் தூக்கியிருப்பார்கள், அப்போது ஹேண்ட்பிரேக் வேலை செய்யும். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு நிம்மதியாக அடியில் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முன்சக்கரம் இரண்டுக்கும், முன்னாலும் பின்னாலும், மொத்தம் நாலு முட்டு. செங்கல் வேண்டாம், சக்கரம் உருளப் பார்த்தால் செங்கல் கூடவே வழுக்கும். தடித்த மரக்கட்டையைச் சரிவாக அறுத்து ஆப்பு மாதிரி செய்து, சக்கரத்தோடு ஒட்டி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி இறுக்குங்கள்.

கூடவே இன்னொன்று. டிராலி ஜாக்கின் கை நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து போகிறது. காரோ ஜாக்கோ இரண்டில் ஒன்று கொஞ்சம் நகர்ந்தே ஆக வேண்டும். காரை நாம் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டோம், ஆகவே ஜாக்தான் உருள வேண்டும். அதன் சின்ன இரும்புச் சக்கரத்துக்கு ஒரு சிறு கல்லோ தரையில் ஒரு விரிசலோ போதும், உருளாமல் நின்றுவிடும். அப்புறம் அதன் தலைப்பகுதி, காரின் அடியில் அது தாங்கும் குழாயிலிருந்து வழுக்கத் தொடங்கும். தரையைப் பெருக்கிவிட்டு ஆரம்பியுங்கள். ஒவ்வொரு முறை பம்ப் அடித்த பிறகும் குனிந்து ஜாக்கின் சக்கரத்தையும் தலையையும் பாருங்கள்.

ஸ்டாண்டு, ஜாக், பிளாக்

எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது பெரியப்பா வீட்டு யார்டில் ஒரு பீட்டிலை சிமெண்ட் பிளாக் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். சுவர் கட்டும் அதே பொள்ளல் பிளாக். ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உள்ளே போயிருந்தோம். டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே வந்து பார்த்தால் இடது பக்க பிளாக் மூன்று துண்டாகக் கிடக்கிறது, காரின் பின்பக்கம் தரையில் உட்கார்ந்திருக்கிறது, சற்று முன்பு பெரியப்பா படுத்திருந்த அட்டைப்பெட்டிப் படுக்கை அதன் அடியில் நசுங்கியிருக்கிறது. பெரியம்மா அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சிமெண்ட் பிளாக் சுவரில் பரவலாகப் பாரம் தாங்கும், ஆனால் ஒரே புள்ளியில் இரும்பு அழுத்தினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையும். வளைந்து எச்சரிக்கை கொடுக்காது. அதனால் பிளாக்கோ செங்கலோ இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம்.

வாங்க வேண்டியது ஆக்ஸில் ஸ்டாண்டு ஒரு ஜோடி, 6 டன் என்று எழுதியது. முழு காரே ஒரு டன்னைத் தொடாதபோது எதற்கு 6 டன் என்று கேட்பீர்கள். பாரத்துக்காக இல்லை, உயரத்துக்காக. 3 டன் ஸ்டாண்டுகள் பெரும்பாலும் 40 செ.மீ. சுற்றித்தான் எட்டும், 6 டன் வகை 60 வரை போகும், அடிப்பாகமும் அகலமாக இருக்கும். பல் வைத்த ஸ்டாண்டாக இருந்தால் குறுக்கே ஒரு பின் செருகும் வசதியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஜாக் இரண்டு வேண்டும், ஒன்று காருக்கு, ஒன்று என்ஜினுக்கு. காருக்கான ஜாக் 3 டன்னாக இருந்தால் நல்லது, சுமார் 50 செ.மீ. ஏறும். இரண்டாவதைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கினாலும் போதும்.

ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து இறங்கிவிடும். ஸ்டாண்டு நிற்காத காரின் அடியில் கைகூட நீட்டக் கூடாது. என் மருமகன் முதல் தடவை உதவிக்கு வந்தபோது, “மாமா, ஒரு நொடிதான், அந்த ஸ்பேனரை எடுத்துடுறேன்” என்று குனிந்தான். “விடுடா, ஸ்பேனர் அங்கேயே கிடக்கட்டும், முதலில் ஸ்டாண்டை வை” என்றேன். இப்போது அவனே மற்றவர்களுக்கு அதைச் சொல்கிறான்.

எங்கே தூக்குவது

காரின் அடியில் படுத்து, டார்ச் அடித்து, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் பாருங்கள். குறுக்காக ஒரு தடித்த உருண்டைக் குழாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகும். டார்ஷன் கம்பிகள் (முறுகி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்பவை) உள்ளே இருக்கும் குழாய் அதுதான். காரின் பின்பாரம் முழுவதையும் சாலையில் தாங்குவது அதுதான் என்பதால் நாமும் அதிலேயே தாங்குவோம். குழாயின் ஓரத்தில் ஸ்டாண்டு, அதற்குக் கொஞ்சம் உள்பக்கமாக ஜாக். குழாயில் சேறும் பழைய கிரீஸும் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டிக் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஜாக் தலையில் ஒரு ரப்பர்த் துண்டோ தோல் துண்டோ வைத்தால் வழுக்காது.

வைக்கக் கூடாத இடங்கள்: தகட்டுத் தரை, அது ஓட்டை விழும். ஃபைபர்கிளாஸ் ஓரம், அது நொறுங்கும், பூமாவில் கதவுக்குக் கீழே பார்க்கப் பலமாகத் தெரிந்தாலும் அது வெறும் ஓடுதான். என்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தட்டு, கியர்பாக்ஸின் வயிறு, இரண்டும் மெக்னீசியம் கலவையில் வார்த்தவை, ஒரே இடத்தில் முழுக் காரின் பாரத்தை ஏற்றினால் விரிசல் விடலாம்.

தூக்கும்போது ஒரு பக்கத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். இடது பக்கம் 5 செ.மீ., ஸ்டாண்டை ஒரு பல் உயர்த்து, ஜாக்கை இறக்கு. அப்புறம் வலது பக்கம் 5 செ.மீ. இப்படி மாறி மாறி. பொறுமையைச் சோதிக்கும், அரைமணி நேரம் பிடிக்கும், ஆனால் கார் எப்போதும் நேராகவே நிற்கும். பல் முழுதாக விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டுப் பாருங்கள், சத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. கடைசியாக, யாரும் அடியில் இல்லாதபோது, பின்பக்கத்தில் இடுப்பை வைத்து நன்றாக ஒரு தள்ளுத் தள்ளுங்கள். இடமும் வலமுமாக ஆட்டுங்கள். விழுவதானால் அது இப்போதே விழட்டும். அசையவில்லை என்றால் பின்சக்கரம் இரண்டையும் கழற்றி, குழாய்க்கு அடியில் படுக்கவைத்து, இடைவெளியில் மரக்கட்டை அடுக்கிவிடுங்கள். ஸ்டாண்டு கைவிட்டாலும் கார் அதன்மேல்தான் உட்காரும்.

எவ்வளவு உயரம்

எல்லோரும் ஆளுக்கு ஒரு அளவு சொல்வார்கள். நீங்களே அளந்து கணக்குப் போடுவதுதான் சரி. ஆயில் தட்டின் அடியிலிருந்து ஃபேன் கூட்டின் உச்சி வரை டேப் வையுங்கள். 60 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். இறக்கிய நிலையில் ஜாக்கின் உயரம் 13, மேலே பலகை 2, கைக்கு இடம் 5. மொத்தம் 80. காரின் பின்பக்கக் கீழ் ஓரம் தரையிலிருந்து 80 செ.மீ. இருந்தால்தான் என்ஜின் ஜாக்கோடு உருண்டு வெளியே வரும்.

80 என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். கார் முன்சக்கரத்தை ஊன்றி ஏற்றப்பலகை மாதிரி சாய்கிறது, ஸ்டாண்டு நிற்கும் குழாயைவிட காரின் வால் வெகுதூரம் பின்னால் இருக்கிறது. பூமாவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.15 மீட்டர், குழாய் அதற்கும் முன்னால். அதனால் குழாயை 10 செ.மீ. உயர்த்தினால் வால் 15-க்கு மேல் உயரும். வால் 50 செ.மீ. ஏற வேண்டுமானால் குழாயை 30 உயர்த்தினால் போதும்.

ஆனால் வால் ஏறினால் மூக்கு இறங்கும், இதை நான் பூமாவில்தான் கற்றுக்கொண்டேன். பீட்டிலுக்கு உயரமான மூக்கு, கவலை இல்லை. பூமாவின் மூக்கோ தரையை ஒட்டித் தாழ்ந்து நீண்டிருக்கும். பின்னால் ஏற்றிக்கொண்டே போனபோது முன்னால் ‘கிறீச்’ என்று சத்தம், போய்ப் பார்த்தால் மூக்கின் கீழ் ஓரம் சிமெண்டில் உட்கார்ந்து பெயின்ட் நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தது. ஆகவே தொடங்குவதற்கு முன்பே முன்சக்கரம் இரண்டையும் 5 செ.மீ. தடிமனுள்ள அகலப் பலகையின்மேல் ஏற்றி நிறுத்துங்கள், முட்டுக்கட்டைகளை அந்தப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுங்கள். ஒருவர் பின்னால் ஏற்றும்போது இன்னொருவர் முன்னால் குனிந்து மூக்கைக் கவனிக்கட்டும்.

இந்த உயரத்தை இரண்டு கட்டமாகப் பிரிப்பதுதான் என் முறை. முதலில் நீங்கள் அடியில் படுத்து வேலை செய்யும் அளவுக்கு மட்டும் தூக்குங்கள், ஸ்டாண்டு 35, 40 செ.மீ. போதும். அந்த உயரத்திலேயே என்ஜினைப் பிரித்துத் தரைக்கு இறக்கிவிடுங்கள். என்ஜின் அடியில் ஜாக்கின்மேல் உட்கார்ந்த பிறகு, யாரும் அடியில் இல்லாமல், உடலை மட்டும் முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். 110 கிலோ இறங்கிய காரைத் தூக்குவது லேசு. உயரமான, ஆட்டம் காணக்கூடிய நிலையில் நீங்கள் அடியில் படுக்கும் தேவையும் இல்லாமல் போகிறது.

பெட்ரோலும் வயரும்

முதல் கட்ட உயரத்தில் கார் நின்றதும் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். எப்போதும் இதுதான் முதல், ஏனென்றால் அடுத்தது பெட்ரோல்.

பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது, இரும்புக் குழாய் வழியாகப் பின்னால் வந்து கியர்பாக்ஸ் பக்கத்தில் ரப்பர்க் குழாயாக மாறுகிறது. அந்த ரப்பரை ஒரு கிளாம்ப் போட்டு நெருக்கிவிட்டுக் கழற்றி, வாயில் பொருத்தமான ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போடுங்கள். கொஞ்சம் சொட்டும், கீழே ஒரு டப்பா வையுங்கள். ரப்பரை விரலால் மடித்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் அந்த இடத்திலேயே குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பப் பூட்டும்போது புதிதாக மாற்றுங்கள். இந்தக் கார்கள் தீப்பிடிப்பதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு முழக் குழாய்தான் காரணம். மெக்னீசியம் கலவை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் மோசமாகும். பெட்ரோல் தீயை ஆரம்பத்திலேயே அணைக்க உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், யார்டில் சமையலோ பிராயோ (வெளியில் தணலில் இறைச்சி சுடுவது) நடந்தால் அன்று இந்த வேலை வேண்டாம்.

வயர்களில் பெரிய மர்மம் இல்லை: காயில், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், கார்புரேட்டருக்குப் போகும் சின்ன வயர்கள், கூடுதல் மீட்டர் போட்டிருந்தால் அதன் வயர். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளைக் கார்புரேட்டர் பக்கம் விடுவித்து முன்னால் இழுக்க விடுங்கள். ஹீட்டர் குழாயும் அதன் கேபிளும் உங்கள் காரில் இருந்தால் அவற்றையும். ஏர் ஃபில்டரைக் கழற்றி கார்புரேட்டர் வாயில் சுத்தமான துணி திணியுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மூடியிருக்கும் பின்தகட்டின் திருகுகள் துருப்பிடித்துத்தான் இருக்கும், முந்தின நாள் ராத்திரியே கியூ-20 (துரு இளக்கும் ஸ்ப்ரே எண்ணெய்) அடித்துவைத்தால் காலையில் அழாமல் வரும். கிளட்ச் கேபிளைத் தொட வேண்டாம், அது கியர்பாக்ஸோடு இருக்கிறது, கியர்பாக்ஸ் காரிலேயே தங்குகிறது.

நட்டுகளைத் திறந்த மூடியில் போட்டு வைக்காதீர்கள். நம் பக்கத்துக் குரங்குகள் பளபளப்பான எதையும் விடாது, மூடியுள்ள டப்பா நல்லது.

நாலு நட்டு

எல்லாம் 17 மி.மீ. மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ் இரண்டும் அடியில் படுத்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும். மேல் இரண்டும்தான் புதியவர்களை அலையவைப்பவை. என்ஜின் அறைக்குள் ஃபேன் கூட்டுக்குப் பின்னால், உடலுக்கும் அதற்கும் இடையே கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதில் முழங்கை வரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேட வேண்டும். முதலில் தகட்டின் கூர் விளிம்பு தட்டுப்படும், அப்புறம் கியர்பாக்ஸின் சொரசொரப்பான வார்ப்பு, அதன் ஓரத்தில் ஆறு பக்கமுள்ள ஒரு குளிர்ந்த கட்டி, அதுதான். விரல் அதைக் கண்டுபிடித்த பிறகு மறுகையால் ரிங் ஸ்பேனரைக் கையை ஒட்டியே வழுக்கி இறக்குங்கள். நீளமான ரிங் ஸ்பேனர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

பிந்தைய என்ஜின்களில் போல்ட்டின் தலை ஒரு பக்கம் தட்டையாக வெட்டியிருக்கும், அது தானே சுழலாமல் நிற்கும். பழையதில் நீங்கள் நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் கூடவே சுழலும், அப்போது அடியிலிருந்து ஒருவர் இன்னொரு 17 ஸ்பேனரால் தலையைப் பிடிக்க வேண்டும். வலது மேல் போல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டார்ட்டரின் கீழ் நட்டை அவிழ்க்காதீர்கள், அந்த ஒன்றில் அது தொங்கிக்கொண்டிருக்கும்.

மேல் இரண்டும் வந்த பிறகு, கீழ் இரண்டைத் தொடுவதற்கு முன், இரண்டாவது ஜாக்கை என்ஜினுக்கு அடியில் கொண்டுவாருங்கள். தலையில் 40 செ.மீ. சதுரத்துக்குப் பிளைவுட், அதன்மேல் ஆயில் தட்டு நடுவில் வரும்படி. கார் முன்னால் சாய்ந்திருப்பதால் என்ஜினும் அதே சாய்வில்தான் இருக்கிறது, பலகைக்குப் பின்பக்கம் ஒரு ஆப்புக்கட்டை வைத்து அந்தச் சாய்வுக்கு ஒத்துவரச் செய்யுங்கள். ஜாக்கை என்ஜின் தொடும்வரை ஏற்றி, அதற்குமேல் ஒரு சின்ன அழுத்தம் மட்டும். காரைத் தூக்கும் அளவுக்கு ஏற்றினால் ஸ்டாண்டிலிருந்து பாரம் விலகிவிடும், அது ஆபத்து.

இப்போது கீழ் நட்டு இரண்டும்.

பிரிப்பதும் இறக்குவதும்

என்ஜினை இப்போது பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு கீழ் ஸ்டட்டும், கியர்பாக்ஸிலிருந்து நீண்டு கிளட்ச் தட்டுக்குள் நுழைந்திருக்கும் தண்டும்தான். அந்தத் தண்டின் மேல் என்ஜினின் பாரம் ஒரு நொடிகூடத் தொங்கக் கூடாது. தண்டு வளையலாம், கிளட்ச் தட்டு கோணலாகலாம், இரண்டுமே காசு.

ஒருவர் எக்ஸாஸ்ட் பக்கம் உட்கார்ந்து என்ஜினை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பின்னால் இழுக்க வேண்டும், இன்னொருவர் ஜாக்கின் கைப்பிடியில். கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் இடையே முதலில் ஒரு நூல் அளவுக்கு வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் எல்லாமே. சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் சரியான கோணம், இழுக்கலாம். மேலே அகலமாகவும் கீழே ஒட்டியும் இருந்தால் என்ஜினின் பின்பக்கம் தொங்குகிறது, ஆப்பை உள்ளே தட்டுங்கள் அல்லது ஜாக்கை ஒரு பொட்டு ஏற்றுங்கள். கீழே அகலமாக இருந்தால் ஒரு பொட்டு இறக்குங்கள். எங்கள் முதல் தடவை இந்த ஒரு விஷயத்துக்காகவே ஒரு மணி நேரம் போராடினோம், பிறகு டார்ச்சை இடைவெளிக்கு நேராகப் பிடித்து ஜாக்கை அரை விரல் ஏற்றியதும் என்ஜின் வெண்ணெயிலிருந்து கத்தியை உருவுவது மாதிரி வந்தது. வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டு நெம்பாதீர்கள், மெக்னீசியம் மிருதுவானது, விளிம்பு சிதைந்தால் பிறகு ஒருநாளும் ஒழுங்காக ஒட்டாது.

சுமார் 10 செ.மீ. பின்னால் வந்ததும் தண்டு கிளட்ச்சை விட்டு வெளியே வந்துவிடும். எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் ஜாக்கை இறக்க வேண்டும், அதுவும் கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி. இன்னொருவர் என்ஜினை இரண்டு பக்கமும் பிடித்தபடி, கால் அடியில் இல்லாதபடி. ஃபேன் கூடு உடலில் இடிக்கிறதா, ஏதாவது ஒரு வயர் மறந்துபோய் இழுபடுகிறதா என்று 5 செ.மீ.க்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நிச்சயம் ஒரு வயர் மறந்திருக்கும்.

தரைக்கு வந்ததும் பழைய பட்டியால் என்ஜினைப் பலகையோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறகு முன்பு சொன்ன இரண்டாம் கட்டம், இடமும் வலமுமாக 5 செ.மீ., 5 செ.மீ. என உடலை முழு உயரத்துக்கு ஏற்றி, ஆட்டிப் பார்த்து, என்ஜினை நேராகப் பின்னால் உருட்டி வெளியே எடுங்கள். காருக்கான ஜாக்கின் உயரம் போதாவிட்டால் தலையில் கெட்டி மரக்கட்டை ஒன்று வைக்கலாம், ஒரே கட்டையாக இருக்க வேண்டும், இரண்டு மூன்றை அடுக்கக் கூடாது. ஸ்டாண்டு எட்டவில்லை என்றாலோ ஆட்டம் பிடிக்கவில்லை என்றாலோ இன்னொரு வழி உண்டு: என்ஜினை ஜாக்கிலிருந்து இரண்டு பேராகச் சாய்த்துப் பழைய கம்பளத்தின்மேல் இறக்கி, கம்பளத்தோடு இழுங்கள். அந்த 13 செ.மீ. மிச்சம்.

வெளியே வந்த பிறகு

கிளட்ச் மணிக்குள் (கிளட்ச்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) எண்ணெய் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் இந்த வேலையைத் தொடங்கியதே அதற்காகத்தான். கருப்பாக, மெல்லியதாக இருந்தால் என்ஜின் பக்கத்து சீல். கெட்டியாக, கந்தகம் மாதிரி நாறினால் கியர்பாக்ஸ் பக்கத்து சீல். இரண்டும் விலை குறைவு, எது போயிருந்தாலும் இரண்டையும் மாற்றிவிடுங்கள், மறுபடி இவ்வளவு தூரம் யார் தூக்குவது. கியர்பாக்ஸ் தண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை கட்டிவிடுங்கள், வீட்டில் யாரும் கிளட்ச் பெடலை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிதித்தால் கிளட்ச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கிளிப்பிலிருந்து கழன்று விழும். என்ஜினைத் திறப்பதாக இருந்தால் ஆயிலை வடிக்க வேண்டும், சுமார் இரண்டரை லிட்டர் வரும், சாக்கடையில் ஊற்றாமல் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

என்ஜின் வேலை ஒரு நாளில் முடியாது, மாதக்கணக்கில் போகலாம். அவ்வளவு நாளும் காரை அந்த உயரத்தில் நிற்கவிடாதீர்கள். பிள்ளைகள் அடியில் பந்து தேடிப் போவார்கள், பூனை குட்டி போடும். பின்சக்கரங்களைத் திரும்ப மாட்டி, ஏற்றிய அதே முறையில் மாறி மாறி 5 செ.மீ.யாக இறக்கி, நாலு சக்கரத்தில் நிறுத்துங்கள். ஸ்விங் ஆக்ஸில் வகையாக (பின் அச்சுகள் கியர்பாக்ஸ் பக்கத்தில் மட்டும் மடங்கி ஊசலாடுபவை) இருந்தால் சக்கரங்கள் உள்பக்கம் மடங்கின மாதிரி நிற்கும், என்ஜின் பாரம் இல்லாததால் வாலும் வழக்கத்தைவிட உயரமாக இருக்கும், பதற வேண்டாம். முட்டுக்கட்டைகளை எடுப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பின்சக்கரம் தரையில் ஊன்றிவிட்டது, இப்போது அது பிடிக்கும்.